எட்டாத எட்டு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று
பதிவாளர் அனுப்பிய சுற்றறிக்கை
என்னை வந்தடைய மூன்று நாள் ஆயிற்று.
மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

கிட்வே நகரம், சிம்வெம்வே.
எங்கள் தெருவுக்கு மின்சாரம் இரவு ஒன்றிலிருந்து நாலு வரை.
அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.
மின்சாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் பேராசிரியை இல்லை. தேர்வுப் பிரிவு எழுத்தர்,
பதினொரு வருஷமாக மதிப்பெண் ஏற்றுகிறேன்.
பேராசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள்.
எங்களுக்கு, ஒத்துழைப்புக்கு நன்றி.

கொழுந்தனிடம் இரவல் வாங்கினேன்.
பேட்டரி செத்தது, ஆனாலும் ஓடும்.
எண்களில் எட்டு மட்டும் இல்லை.
பொத்தான் பிடுங்கிக்கொண்டு போன இடத்தில்
பல் விழுந்த ஈறு போல ஒரு குழி.
விரலை விட்டுக் குத்திப் பார்த்தேன்,
ஹேர்பின்னால் நெம்பிப் பார்த்தேன்.
எட்டவில்லை எட்டு.

நாற்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, எண்பது, எண்பத்தொன்று.
இத்தனை பிள்ளைகள் எட்டு வாங்குகிறார்கள் என்று
அதுவரை நான் கவனித்ததே இல்லை.
பழைய கோப்பு ஒன்றின் தேதியில் ஓர் எட்டு இருந்தது.
ஒவ்வொரு முறையும் அங்கே போய்
நகலெடுத்து வந்து ஒட்டுவேன்,
அடுத்த வீட்டில் தணல் வாங்கி வருவதுபோல.

இதற்குச் சுலபமான வழி உண்டாம்.
கணினிப் பிரிவு முசோண்டா காணொளியாக அனுப்பிவைத்தான்.
நாற்பது எம்பி.
அந்த வாரத்துக்கு என்னிடம் மிச்சம் இருபத்திரண்டு.

சிக்னலுக்கு வீட்டின் பின்னால் கரையான் புற்று.
இந்த ஊர்ப் புற்று கூரை உயரம் வளரும்.
அடியில் நின்றால் ஒன்றுமில்லை,
இடுப்பளவு ஏறினால் ஒரு கோடு,
உச்சியில் இரண்டு.
திங்கட்கிழமை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு
செருப்பைக் கழற்றிவிட்டு,
கைபேசியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறுவேன்.
"கேமராவைப் போடுங்கள், திருமதி கபாசோ."
போட்டேன். வானமும் என் தாடையும் தெரிந்தன.
பட்டறைக்காரர் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.
"உங்கள் பக்கம் சத்தமாக இருக்கிறது" என்றார் துணைப் பதிவாளர்,
நான் ஏதோ விசேஷம் வைத்துவிட்டதுபோல.
கீழே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர்
நான் எப்போது விழுவேன் என்று
பொறுமையாக நின்றார்கள்.

சுரங்கப் பொறியியல், இரண்டாம் ஆண்டு, சிலெஷே.
நாற்பத்தெட்டு.
நாலை அடித்துவிட்டு எட்டு எடுக்கப் போனேன்.
மணி இரண்டு இருபது. கரண்ட் போயிற்று.
இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கணினி எதையும் சேமித்திருக்காது என்று நினைத்தேன்.
அது நாலைச் சேமித்திருந்தது.

பையன் கூப்பிட்டான், பிரிவு அலுவலகத்திலிருந்து
யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.
"அம்மா, திட இயக்கவியலில் எனக்கு நாலாம்.
நாலு வாங்கும் அளவுக்கு
நான் படிக்காமல் இருக்கவில்லை."
குரலில் கோபமில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

திருத்தப் படிவம் மையில் கையெழுத்து கேட்கும்.
மூன்று பேர். ஒருவர் சிங்கோலாவில், ஒருவர் சோல்வேசியில்.
மூன்றாவது நான், புற்றின் மேல்.
மூலப் பதிவேடோ அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது,
சாவி என் இடுப்பில்.
பத்தொன்பது நாள் பிடித்தது.
உதவித்தொகைப் பட்டியலைப்
பத்தாம் நாளே மூடிவிட்டார்கள்.

சிலெஷே மறுபடி கூப்பிடவில்லை.
நான் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தான்,
அல்லது அவன் தெருவிலும் கரண்ட் இல்லை.

போன வாரம் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது.
வீட்டிலிருந்து வேலை எப்படி இருந்தது?
ஒன்று முதல் பத்துக்குள் எண்ணால் நிரப்பவும்.
வெகுநேரம் யோசித்தேன்.
பொய் சொல்லக்கூடாது:
மினிபஸ் கூலி மிச்சம்.
மகன் பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறக்க ஆள் இருந்தது,
அவன் பையை எறிந்துவிட்டு
என்னைப் பார்த்து ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டான்.
அதற்காகவே எட்டு போடலாம் என்று தோன்றியது.

போட்டிருப்பேன்.